சோறு தொடாமல் வளர்ந்த மகனுக்கு

என் மகனுக்கு, வாப்பா எழுதுவது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். அன்று பின்னேரமே நீ நிந்தவூருக்குப் போய்விடுவாய். எங்கள் பக்கத்து வழமை அப்படி. மகளைக் கட்டிக் கொடுத்தால் மருமகன் வீட்டுக்கு வருவான், மகனுக்குக் கல்யாணம் செய்தால் அவன் வீட்டை விட்டுப் போவான். கல்முனையிலிருந்து நிந்தவூர் ஒன்றும் தூரமில்லை. சாய்ந்தமருதையும் காரைதீவையும் தாண்டினால் வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் நினைத்த நேரத்துக்கு நீ வந்து போகலாம். உன் உம்மாவிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உன் அறைக்குள் போய், மடித்து வைத்த சட்டைகளையே எடுத்துத் திரும்ப மடிக்கிறாள்.

இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் தராமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்றைக்குப் போன் திருத்துகிற உன் கடையில் யாருடையதோ போன் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "எழுதுங்க வாப்பா, எனக்கென்ன வெக்கம்" என்றாய். உனக்கு வெட்கமில்லை. ஆனால் எங்கள் ஊர்களில் பிள்ளைக்கு வலிப்பு என்றால் இன்றைக்கும் முதல் வேலையாகக் கதவைத்தான் சாத்துகிறார்கள். கல்யாணப் பேச்சு, அக்கம்பக்கம், பள்ளிக்கூடம் என்று அவர்களுக்கும் நூறு யோசனை. இதை வாசிக்கிற ஒரு தகப்பன், ஒரு தாய், அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் எனக்கு அது போதும்.

வாசிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண வீட்டுச் சமையல்காரன். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் என் சோற்றுக் கிடாரம் அடுப்பேறாத தெரு குறைவு. ஊர் முழுக்கச் சாப்பிடுகிற அளவுக்கு நெய்ச்சோறு ஆக்கச் சொன்னாலும் அரிசியையும் நெய்யையும் கண்ணால் பார்த்தே போடுவேன். தராசை என் சமையலில் நான் தொட்டதே இல்லை. வயலும் அரிசி மில்லுமாக இருக்கிற ஊரில், சோறாக்கியே பிழைக்கிற ஒருவனுடைய பிள்ளை இரண்டு வருடம் ஒரு பருக்கை சோறும் தொடாமல் வளர்ந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

உனக்கு ஒரு வயது நிறைவதற்குள் முதல் வலிப்பு வந்தது. காய்ச்சலுக்கு வருகிற வலிப்பு, வளர வளர விட்டுவிடும் என்றார்கள். விடவில்லை. நாலு வயதில் அது வேறு உருவம் எடுத்தது. நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல முகம் அடிபட விழுவாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். உன் உம்மா பழைய துணியில் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி ஒன்றை உன் தலையில் போட்டு, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிடுவாள். விழுந்து எழும்பியதும் நீ அழமாட்டாய். நாங்கள் அழுகிறோமா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பாய். விழுவதைவிடப் பெரிய கவலை பிறகு வந்தது. மூன்று வயதில் வாய் ஓயாமல் கதைத்த பிள்ளை நீ. காகத்தைக் கண்டால் அதோடும் கதைப்பாய். அந்தச் சொற்களெல்லாம் ஒன்றொன்றாகப் போயின. பெரிய சொற்கள் முதலில், சின்னச் சொற்கள் பிறகு. ஒரு நாள் 'வாப்பா'வும் போனது. 'உம்மா' மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நின்றது. அதற்காக உன் உம்மாவோடு எனக்குப் பொறாமைகூட வந்தது. இப்போது சொல்லிச் சிரிக்கலாம்.

அந்தக் காலத்தில் எங்களைச் சுற்றி எல்லாம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கண்ணூறு என்று ஒருவர் சொன்னார். கொழும்பில் ஒரு டொக்டர் இருக்கிறார், ஒரே ஊசியில் நிற்பாட்டுவார் என்று இன்னொருவர் சொன்னார். மருந்தை நிறுத்தினால் வலிப்பும் நின்றுவிடும் என்று சொன்னவரும் உண்டு. டொக்டர்மார் ஒரு மருந்து தந்தார்கள், பிறகு அதோடு இன்னொன்று, பிறகு அதை நிறுத்தி வேறொன்று. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு அந்த மருந்துகளிலேயே நின்றுபோனதை நானே கண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் நிற்கவில்லை. மருந்து கூடக் கூட நீ தூங்கி வழிந்தாய். விழித்திருக்கிற நேரத்தில் விழுந்தாய்.

அப்போதுதான் பிள்ளைகளின் நரம்பு நோய்களைப் பார்க்கிற அந்தப் பெண் டொக்டரிடம் எங்களை அனுப்பினார்கள். அவர் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கதை கேட்டார். எந்த மருந்து, எத்தனை நாள், எப்படி விழுகிறான், விழுந்த பிறகு என்ன செய்கிறான் என்று. பிறகு சொன்னார்: வலிப்புக்குச் சாப்பாட்டாலும் வைத்தியம் உண்டு. சோறு, மா, சீனி எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கொழுப்பை நிறையக் கொடுப்பது. வேறு நாடுகளில் பட்டரும் கிறீமும் வைத்துச் செய்கிறார்கள். எங்கள் வீடுகளில் இருக்கிற தேங்காயும் மீனும் முட்டையும் வைத்துச் செய்தால், மருந்துக்குக் கட்டுப்படாத பிள்ளைகளுக்கு அது உதவுமா என்று பார்க்க ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறோம், விருப்பமென்றால் சேரலாம் என்றார். சேருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்போதே சாப்பாட்டைத் தொடங்குவார்கள். மற்றப் பாதி சில மாதம் பழைய மருந்தோடு காத்திருந்து பிறகு தொடங்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்துத் தரும். டொக்டரும் அதை மாற்ற முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. "நல்ல வைத்தியமெண்டா எல்லாப் புள்ளைக்கும் குடுங்களன் டொக்டர். என்னத்துக்குப் பாதிப் புள்ளயக் காக்க வெக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லதா எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இண்டைக்கே எல்லாருக்கும் குடுத்திருப்பன். தெரியாதபடியாத்தான் இப்பிடிச் செய்யிறம்."

ஐந்து வருடத்தில் எங்களிடம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். உன் உம்மா என் கையைப் பிடித்து அமத்தினாள். அவளுக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வந்தது. மகன், கல்யாணத்துக்குப் பிறகு உன்னிடம் யாராவது எல்லாம் தெரிந்தவர்போல் கதைத்தால் கொஞ்சம் தள்ளியே நில். நீயும் தெரியாத ஒன்றை உன் பெண்சாதியிடம் தெரிந்ததாகக் காட்டாதே. 'தெரியாது' என்கிற வார்த்தையால் ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நான் கண்டவன்.

வீட்டில் உன் பெரியவாப்பா, என் மூத்த சகோதரர், காத்துக்கொண்டிருந்தார். என் காக்கா சொன்னால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அவர் கதிரையில் இருந்தபடி, "என்ன தம்பி, புள்ளய வெச்சுச் சோதிச்சுப் பாக்கப் போறாங்களாம்? எலிக்குச் செய்யிற வேல. நீ ஓம் எண்டு சொல்லிட்டு வந்திரிக்காய்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உன் உம்மா குசினியிலிருந்து வந்தாள். காக்காவின் முன்னால் குரல் உயர்த்தாதவள், அன்றும் உயர்த்தவில்லை.

"காக்கா, இவ்வளவு நாளும் மருந்த மாத்தி மாத்திக் குடுத்தம். ஓதிப் பாத்தம். கொழும்புக்கும் போனம். அதெல்லாமும் சோதனதானே? என்ன குடுத்தம், என்ன நடந்த எண்டு அத ஆரும் சேத்து வெச்சுப் பாக்கல்ல. இவனுக்குச் சரிவராத மருந்த நாளைக்கு இன்னொரு புள்ளைக்கும் குடுப்பாங்க. இவங்க எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாக்கிறம் எண்டு சொல்றாங்க. நான் ஓம் எண்டுட்டன்."

காக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டர் உன்னைக் காத்திருக்கிற பக்கம் போட்டது. அந்த மாதங்களை எப்படிக் கடத்தினோம் என்று கேட்காதே. கிளினிக்குக்குப் போகும்போது காத்திருக்கிற வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் பாண்டிருப்பைச் சேர்ந்த மாலா என்கிற தாய் இருப்பாள். அவளுடைய மகள் கௌசி உன் வயதுதான், சாப்பாட்டைத் தொடங்கிய பக்கத்தில் விழுந்த பிள்ளை. முதல் மாதம் மாலா அழுதுகொண்டிருந்தாள், பிள்ளை தின்றதைச் சத்தியெடுக்கிறது, சோற்றுக்கு அழுகிறது என்று. அடுத்த மாதம் கௌசியைக் கீழே இறக்கிவிட்டாள். பிள்ளை மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. விழவில்லை. உன் உம்மா மாலாவைக் கட்டிப்பிடித்தாள். நான் வெளியே போய் நின்றேன். சந்தோசத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது, அதை அங்கே காட்டக் கூடாது.

அன்று திரும்பும்போது எனக்கு ஒரே யோசனை. தேங்காய், மீன், முட்டை. இது எனக்குத் தெரியாத சாமானா? நாளைக்கே வீட்டில் தொடங்கினால் என்ன? ஆராய்ச்சியில் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சாந்தினி மிஸ்ஸிடம் போனில் கேட்டேன். காரைதீவுப் பிள்ளை, நிதானமாகக் கதைப்பாள். "செய்ய வேணாம் அண்ணா" என்றாள். "இது பத்தியம் இல்ல, மருந்து. இரத்தம் பாக்காம, ஆஸ்பத்திரியில வெச்சுக் கவனிக்காமத் தொடங்கினா சீனி இறங்கிப் பிள்ளைக்கு ஆபத்தாப் போகும். மற்றது, நீங்க காத்திருக்கிறதும் சும்மா இருக்கிறது இல்ல. அது என்னெண்டு உங்களுக்குப் பிறகு விளங்கும்." கடைசியில் சொன்னது எனக்கு விளங்கவில்லை. முதலில் சொன்னது விளங்கியது. பொறுத்திருந்தேன்.

எங்கள் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தொடங்கினார்கள். முதல் சில நாள் நீ துவண்டு கிடந்தாய். வீட்டுக்கு வந்ததும் சாந்தினி மிஸ் ஒரு சின்னத் தராசைத் தந்தாள், நகைக்கடைத் தராசு மாதிரி. மீன் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கீரை இவ்வளவு, எல்லாம் நிறுத்துத்தான். நான் சிரித்தேன். கிடாரம் கிடாரமாக ஆக்கியவனுக்கு ஒரு பிடி சாப்பாடு பெரிய வேலையா? முதல் நாளே ருசிக்காக ஒரு கை வெங்காயம் அள்ளிப் போட்டேன். அடுத்த நாள் உன் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது கணக்குப் பிழைத்துப் போயிருந்தது. மிஸ் கேட்டாள், நான் வெங்காயத்தைச் சொன்னேன். "அண்ணா, உங்கட கைக்கு எவ்வளவு பிடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். இவன்ட மூளைக்குத் தெரியாது" என்றாள். அன்றோடு என் கையை நம்புவதை விட்டேன். உன் உம்மா நிறுத்துத் தருவாள், நான் ஆக்குவேன். அவள் எண்ணெய்ப் போத்தலைச் சாய்த்துப் பிடித்துத் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இருவரும் மூச்சு விட மாட்டோம்.

கணக்குச் சரி. ஆனால் நீ தின்ன வேண்டுமே. பட்டரைக் கண்டாலே வாயை இறுக்கி மூடினாய். அங்கேதான் எனக்கு வேலை வந்தது. தேங்காயின் தலைப்பாலில் சூரை மீனைப் போட்டுப் பாலாணம் வைத்தேன். முருங்கையிலையை எண்ணெய் சொட்டச் சொட்டச் சுண்டினேன். முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுட்டு, நூல் நூலாக வெட்டிக் குவித்து, அதன்மேல் தேங்காய்ப்பால் விட்டு, "மகன், மஞ்சள் இடியப்பம்" என்று தந்தேன். நீ விரலால் கிளறிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். தின்றாய். மாலாவும் தன் வீட்டில் செய்கிறதைச் சொல்லித் தருவாள், நானும் என்னுடையதைச் சொல்வேன். மிஸ் நிறை பார்த்துத் திருத்தித் தருவாள். கொஞ்ச நாளில் அந்தக் கிளினிக் வாங்கு ஒரு குசினி மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய கஷ்டம் கல்யாண வீடுகள். பகல் முழுக்க நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். நீ ஓடி வந்து என் சாரனைப் பிடித்து, முகத்தைப் புதைத்து மணந்து பார்ப்பாய். கேட்க உனக்குச் சொல்லில்லை. மணந்துவிட்டுப் போய் உன் தட்டுக்கு முன்னால் இருப்பாய். அதற்குப் பிறகு நான் கல்யாண வீட்டிலேயே குளித்து, வேறு சாரன் மாற்றிக்கொண்டுதான் வந்தேன். உன் உம்மாவும் உன் கண்முன்னால் சோறு தின்பதை விட்டுவிட்டாள்.

வலிப்புக் குறையத் தொடங்கியது. ஒரேயடியாக இல்லை. ஒரு கிழமை நல்லதாக இருக்கும், மறு கிழமை இரண்டு தடவை விழுவாய். ஆனால் குறைந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாள் காலையில் உன் மாமி, என் தங்கச்சி, நீ பாவம் என்று இனிப்பான வட்டிலாப்பத்தில் ஒரு துண்டை உன் வாயில் வைத்துவிட்டாள். பின்னேரம் நீ முற்றத்தில் விழுந்தாய். தொடர்ந்து மூன்று நாள் பழையபடி விழுந்தாய். தங்கச்சி வாசலில் நின்று அழுதாள். "புள்ளட வாயப் பாத்து ஏலாமப் போச்சு காக்கா, ஒரு துண்டுதானே எண்டு நெனச்சன்" என்றாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அன்பால் செய்ததற்கு என்ன சொல்வது? ஆனால் ஒன்று விளங்கியது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற வரைக்கும் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "என்ட மகனுக்கு வலிப்பு. இப்பிடி ஒரு ஆராய்ச்சியில இரிக்கான். சோறு, இனிப்பு ஒண்டும் குடுக்கக் கூடா. பாவம் பாத்து ஒரு டொபியும் குடுத்திராதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். முதல் வீட்டில் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நாலாவது ஐந்தாவது வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முனையில் கடை வைத்திருந்தவர் மேசையில் இருந்த டொபிப் போத்தல்களை எடுத்து உன் கைக்கு எட்டாத மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார், நான் கேட்காமலே. கந்தூரி விருந்து நாளில் சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு முட்டையை அவித்து உனக்கென்று தனியாக அனுப்பியிருந்தார். சாத்திய கதவுக்கு வெளியே இவ்வளவு பேர் காத்துக்கொண்டு நின்றது அதுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நான் மறக்க முடியாத நாள். சாப்பாடு தொடங்கிச் சில மாதம் போயிருக்கும். வலிப்பு இல்லாமல் பல கிழமைகள் தொடர்ந்து போயிருந்தன. நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவே பயந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். பகல் சாப்பாட்டுக்குப் பாலாணம் ஊற்றித் தந்தேன். ஒரு வாய் வைத்தாய். தட்டைக் கொஞ்சம் தள்ளினாய். என்னை நிமிர்ந்து பார்த்து, "உப்புக் காணாது வாப்பா" என்றாய்.

உன் உம்மா கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு சொல்லும் இல்லாத வாய். அது திறந்து முழு வசனமாகச் சொன்ன முதல் வார்த்தை என் சமையலில் குறை. எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை பெரிய மனிதர் என் கையைப் பிடித்துப் புகழ்ந்திருக்கிறார்கள், அதில் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. நான் உப்பை எடுத்து வந்தேன். பாதி மேசையில் சிந்தியது. உன் உம்மா அழுதுகொண்டே சிரித்து, "நிறுத்துப் போடுங்க" என்றாள். உப்புக்குக் கணக்கில்லை, வேண்டிய அளவு போடலாம். அதுகூட அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நீ ருசி பார்த்தாய். "இப்ப சரி" என்றாய். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

அதன்பிறகு சொற்கள் திரும்பி வந்தன, போனதைவிட வேகமாக. பஞ்சுத் தொப்பியைக் கழற்றினோம். இரண்டு வருடம் முடிந்ததும் டொக்டர் சாப்பாட்டை மெல்ல மெல்லப் பழையபடி ஆக்கினார், மருந்தையும் ஒன்றொன்றாகக் குறைத்தார். சோறு தந்த முதல் நாள் ஒரு கரண்டி அளவுதான். நான் அதை எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். நீயோ தின்றுவிட்டு, "முட்டை எங்க?" என்று கேட்டாய். வலிப்பு திரும்பவில்லை. இன்றைக்கு வரைக்கும் திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாசிப்பு உனக்கு இன்றும் மெதுவாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அதற்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நெல்மணியைவிடச் சின்னச் சாமானைப் போனுக்குள் வைத்து ஈயம் பற்றவைக்கிறாய், கை ஆடுவதில்லை. ஒரு காலத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத கை அது.

ஆராய்ச்சி முடிந்த பிறகு எல்லாப் பெற்றாரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் மேடையில் ஏறாமல் கீழே எங்களோடு நின்று கதைத்தார். சாப்பாட்டைத் தொடங்கிய பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வலிப்புப் பாதிக்கு மேல் குறைந்தது, சிலருக்கு முழுவதும் நின்றது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை என்றார். மாற்றமில்லாத பிள்ளைகளில் நாவிதன்வெளியைச் சேர்ந்த ஒரு பையனும் இருந்தான். அவனுடைய தகப்பன் கூட்டத்துக்கு வந்திருந்தார். டொக்டர் அவர் பக்கத்தில் போய் நின்று, "இவங்கட பிள்ளை இல்லாட்டி இது எல்லாருக்கும் பலிக்கும் எண்டு பொய் சொல்லியிருப்பம்" என்றார். அந்த மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டொக்டர், காத்திருந்த எங்கள் பக்கம் திரும்பினார். "காத்திருந்த பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள்ல மாற்றம் இருக்கல்ல. சாப்பாடு தொடங்கின பிறகுதான் மாறினது. அதனாலதான் இது சாப்பாட்டால வந்தது எண்டு நாங்க துணிஞ்சு சொல்லலாம். நீங்க பொறுத்திருக்காட்டி இத நான் ஒருத்தருக்கும் சொல்லியிருக்கேலாது." நான் சாந்தினி மிஸ்ஸைத் தேடினேன். அவள் பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். போனில் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது அந்தச் சாப்பாட்டு வைத்தியம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமான கிளினிக்கிலேயே கிடைக்கிறது. கொழும்புக்குப் போய்ப் படுத்துக் கிடக்கத் தேவையில்லை. மாலாவின் பாற்கறியும் என் மஞ்சள் இடியப்பமும் நிறை போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் தாய்மாருக்குக் கொடுக்கிறார்கள். எலிக்குச் செய்கிற வேலை என்ற உன் பெரியவாப்பா, தேத்தண்ணிக் கடையில் இருந்து, "எங்கட புள்ள ஆராய்ச்சியில இருந்த புள்ள, அவனாலதான் இப்ப ஊருக்கெல்லாம் கிடைக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். அவர் நிம்மதியாகப் பெருமைப்படட்டும்.

உனக்குப் பெண் பேசப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள், அந்தப் பழைய கதையை எடுக்க வேண்டாம், நின்றுபோன நோய்தானே என்று. நிந்தவூரில் பெண் வீட்டில் தேத்தண்ணி வைத்ததும், பெண்ணின் வாப்பாவைப் பார்த்து, "மாமா, ஒரு விசயம் சொல்லணும்" என்று நீயே தொடங்கினாய். சின்ன வயதில் வலிப்பு இருந்ததையும் சோறில்லாமல் இருந்ததையும் ஐந்தாறு வசனத்தில் சொல்லி முடித்தாய். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது: "உம்மா, எனக்குப் பயமில்லை எண்டு வாப்பாட்டச் சொல்லுங்க." அறைக்குள்ளிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. அவளுடைய வாப்பா சிரித்துவிட்டார். மகன், அந்தப் பெண்ணுக்கு நீ எதையும் ஒளிக்காதே. ஒளிக்கத் தேவையில்லாத இடத்தை அவள் உனக்குத் தந்திருக்கிறாள். உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு தலையிடி வந்தாலும் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்னொரு பிள்ளைக்கு உதவும் என்று யாராவது கேட்டு வந்தால், முழுக்க விளங்கிக்கொண்டு, மனம் ஒப்பினால், ஓம் என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை நான் ஆக்குகிறேன். மாப்பிள்ளையின் வாப்பா அடுப்படியில் நிற்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் கேட்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் சாந்தினி மிஸ் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பெற்றாருக்குச் சமைத்துக் காட்டச் சொன்னாள். நீதான் என்னைக் கூட்டிப் போனாய். நான் அடுப்பில் நின்றேன், நீ சுவரோரம் நின்றாய். மடியில் சின்னப் பெண்பிள்ளையோடு இருந்த ஒரு தாய், இவன்தான் அந்தப் பிள்ளை என்று யாரோ சொல்ல, எழும்பி உன்னிடம் வந்தாள்.

"தம்பி, அது வரக்குள்ள எப்பிடி இரிக்கும்? புள்ளைக்கு நோகுமா? பயமா இரிக்குமா? இவளுக்குச் சொல்லத் தெரியல்ல. நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டாள்.

நீ உண்மையாகவே யோசித்தாய். நெற்றியைச் சுருக்கி, நெடுநேரம் யோசித்தாய். நான் கிளறுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒவ்வொரு விழுகையும் தெரியும். எந்தக் கல்லில், எந்தப் படியில், எந்தப் பக்கம் என்று தெரியும்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க" என்றாய் நீ. "எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல. நான் எல்லாத்தையும் மறந்துட்டன்."